எலி அறையிலிருந்து பெண்கள் வார்டுக்கு

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயதில் வயிறு பெருத்தால் ஊர் ஒன்று நினைக்கும். நான் வேறொன்று நினைத்தேன். நான் நினைத்ததுதான் சரியாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு. அந்தத் தப்பு என் உயிரையே கொண்டுபோயிருக்கும். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. எண்பதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் உதவியாளராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகை அறை. காலையில் பங்சார் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குள் எலி அறையில் இருப்பேன். சொந்தக்காரர்களிடம் "லேப்பில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எலி என்று தெரிந்தால் கிள்ளானில் இருக்கும் என் அண்ணி எனக்குத் தனித் தட்டு வைத்துவிடுவார்.

எங்கள் எலிகள் சாக்கடை எலிகள் அல்ல. உடம்பில் ஒரு முடிகூட இல்லாத, இளஞ்சிவப்புச் சுண்டெலிகள். நோயை எதிர்க்கும் சக்தி அவற்றுக்குப் பிறவியிலேயே மிகக் குறைவு. அதனால் மனிதருடைய புற்றுநோய்ச் செல்களை ஊசியால் வயிற்றுக்குள் செலுத்தினால் அந்த உடம்பு விரட்டாது, வளரவிடும். கருப்பைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சினைப்பையில் வரும் புற்றுநோய் எப்படி வளர்கிறது, எப்படிப் பரவுகிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று டாக்டர் லிம் அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர், அதிகம் பேசாத பெண். இந்த நோய் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே உதிரும். அங்கே ஊறுகிற நீரில் மிதந்துபோய், குடல்மேலும் கல்லீரல்மேலும் சிறுசிறு விதைகளாக ஒட்டிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைச் சுவரின் அடியில்கூட ஏறி உட்காரும்.

நான் செய்தது எளிய வேலைதான். மரத்தூள் மாற்றுவேன், தண்ணீர் வைப்பேன், ஒவ்வொரு எலியையும் தராசில் நிறுத்து அதன் அட்டையிலும் நோட்டிலும் எழுதுவேன். இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தவறு செய்வார்கள். நோய் முற்றிய எலிக்கு எடை ஏறும். அதைப் பார்த்து, தேறிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஏறுவது சதை அல்ல, வயிற்றில் கட்டுகிற நீர். முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடறும். வயிற்றைப் பார்க்காதே, முதுகைப் பார் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதுகெலும்பும் தெரிந்து வயிறும் தொங்கிவிட்டால் அட்டையில் சிவப்புப் புள்ளி வைப்போம். அதற்குமேல் அந்த உயிரை வதைக்கக்கூடாது, தூங்க வைத்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

அந்தத் தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை தைப்பூசத்தன்று தோளில் தொளதொளத்தது. பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை. வீட்டுக்கார ஆன்டி, நல்லா சதை போட்டிருக்க லா என்று மெச்சினார். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன். இதைப் படிக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன், ஓமத்தண்ணீர் இரண்டு நாளைக்குக் குடிக்கலாம். நான் ஒரு மாதம் குடித்தேன். ஒருநாள் குளிக்கும்போது முதுகு தேய்த்த கை எலும்பில் இடறியது. துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். மணி மணியாக எண்ணலாம் போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வேலைக்குத் தாமதம்.

அடுத்த வாரம் கிள்ளானில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. அண்ணன் துறைமுகத்தில் குமாஸ்தா. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணனும் நானும்தான். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரே அத்தை. புடவை, வளையல் எல்லாம் வாங்கித் தட்டு வரிசையோடு போயிருந்தேன். கூடத்துக்குள் நுழையப் போனவளை அண்ணி கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தன மாசம்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு உறுதியாகிவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு வேறு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அதை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அண்ணி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். நாலு பேர் பார்க்கிறார்கள், நீ உள்ளேயே இரு என்றார். என் தட்டை யாரோ பக்கத்து வீட்டுப் பெண் தூக்கிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலி அடுக்கப் போய்விட்டார். சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அதற்குப்பின் அங்கிருந்து போன் வரவில்லை, நானும் போடவில்லை.

இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். படித்த டாக்டரோடு தினமும் நிற்கிறவள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பிறகு எல்லாரும் திட்டினார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியும்? ஒன்பது வருஷமாக நீர் கட்டிய வயிறுகளைப் பார்த்தவள் நான். ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. மருந்து போட்ட எலிகள் கொஞ்ச நாள் கழித்து இறந்தன, போடாதவை முன்னாலேயே இறந்தன. என் கையெழுத்தில்தான் எல்லா அட்டையும் இருந்தது. என் அட்டையில் நானே சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தேன்.

கூண்டை வயிற்றோடு அணைத்துத் தூக்குவது என் வழக்கம். இப்போது கையை நீட்டித் தூக்க வேண்டியிருந்தது. டாக்டர் லிம் அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் எனக்குப் பின்னால் வந்து நின்று, கழுத்திலிருந்து இடுப்புவரை என் முதுகில் உள்ளங்கையை மெல்ல இறக்கினார். கைகழுவிவிட்டு, தன் காரிலேயே என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஸ்கேன் எடுக்க வெளி பெஞ்சில் காத்திருந்தோம். டாக்டர் லிம்முக்கு வேலை இருந்ததால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார். அந்த பெஞ்சு முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, எத்தனை மாதம் என்று கேட்டார். ஐந்து என்றேன். முதல் குழந்தையா என்றார். ஆமாம் என்றேன். அவர் தன் பையிலிருந்து ஒரு குவே எடுத்துக் கொடுத்தார், தேங்காய்ப்பூ தூவிய பலகாரம். அதை வாங்கித் தின்றேன். நோய் வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அந்தப் பொய்க்குக் கிடைத்ததுதான்.

ஸ்கேன் என்றால் வலியில்லை. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒலியலையால் உள்ளே படம் பிடிக்கிறார்கள். இடது சினைப்பை தேங்காய் அளவுக்கு இருந்தது. சுற்றிலும் நீர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அண்ணன் பெயரைத்தான் எழுதினேன். எழுத வேறு பெயர் எனக்கு இல்லை.

ஆபரேஷனுக்கு முந்திய மாலை டாக்டர் லிம் ஒரு தாளோடு வந்தார். கொடுக்கத் தயங்கினார். வெட்டி எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை எலிகளுக்கு வைத்துப் பார்க்கச் சம்மதமா என்கிற தாள் அது. அதே தாளை எத்தனையோ முறை கோப்பில் அடுக்கியவள் நான். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகுதான் அழுதேன். எந்த மூலைக் கூண்டில் வைப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது, தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை தையல். இரண்டு சினைப்பை, கருப்பை, குடலுக்கு முன்னால் திரை மாதிரி தொங்குகிற கொழுப்பு எல்லாம் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போயிருக்கிறது. அண்ணன் கால்மாட்டில் நின்றார். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் திருநீறு பூசினார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் தவறாகப் பார்க்கவில்லை.

"கேன்சராமா? நாங்க வேற மாரி நெனச்சிட்டோம்மா. நல்ல வேள," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் செத்தாலும் இவர்கள் தலைநிமிர்ந்து காரியம் செய்யலாம் என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்புக்கு அப்புறம் அந்த வார்டில் நாற்பது கட்டில் இருந்தும் நான் மட்டும் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் பரவியிருந்தது. கொழுப்புத் திரையிலும், கல்லீரலுக்கு மேலே அந்தத் தசைச் சுவரின் அடியிலும் கசகசா அளவு விதைகள். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டோம், தெரியாததற்கு மருந்து ஏற்ற வேண்டும், மாதம் ஒருமுறை, ஆறு முறை என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். பிளாட்டினம் சேர்ந்த மருந்து. அதன் பெயரைக் கேட்டதும் எனக்குப் போதுமாகிவிட்டது. எங்கள் எலிகளுக்குப் போட்ட அதே மருந்து. முதுகு கூனி, தீனி தொடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பிராணிகளை எனக்குத் தெரியும். பிறகும் நீர் கட்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் டாக்டர் லிம் மாடிப்படி ஏறி வந்தார். உட்கார நாற்காலி இல்லை, துணிப்பெட்டிமேல் உட்கார்ந்தார். நாங்கள் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். ஏன் மருந்து வேண்டாம் என்றார். மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஒன்பது வருஷ நோட்டிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கிறேன், இறந்தது, இறந்தது, இறந்தது. பிழைத்தது என்று ஒரு தடவையாவது எழுதச் சொன்னீர்களா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. டாக்டரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னார்: "கீத்தா யாங் பூனோ, பத்மா. யாங் சீஹாட் பூன் கீத்தா பூனோ."

நாம்தான் கொன்றோம், பத்மா. நன்றாக இருந்ததையும் நாம்தான் கொன்றோம்.

பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருந்துக்கு அடங்கி, வயிறு வற்றி, ஓடித் திரிந்த எலிகளும் இருந்தன. குறித்த நாள் வந்ததும் அவற்றையும் தூங்க வைத்து, வயிற்றைத் திறந்து, விதைகள் மிச்சம் இருக்கின்றனவா என்று எண்ணினோம். எண்ணுவதற்கு வேறு வழி இல்லை. எங்கள் அறையிலிருந்து எந்த எலியும் உயிரோடு வெளியே போனதில்லை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மேலும் எலிக்கு நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது, யாரும் அதைக் கிடத்தித் தேங்காய் அளவுக் கட்டியை வெட்டி எடுத்ததும் கிடையாது. பிழைப்பாய் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் எலியின் கணக்கு உன் கணக்கு இல்லை என்றார்.

அந்த நல்ல எலிகளைத் தூக்கி வந்து கொடுத்ததே நான்தான். குறித்த நாளில் கூண்டைத் திறந்தது என் கை. ஒன்பது வருஷம் எழுதிய நோட்டை அதை எழுதியவளே சரியாகப் படிக்கவில்லை. கெட்டிக்காரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை மருந்துக்குப் போனேன்.

மருந்து நாட்களைப் பற்றி மூடி மறைக்க மாட்டேன். முதலில் உப்புத் தண்ணீரை நரம்பில் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவார்கள், மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்க. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுவார்கள். பிறகு மருந்து. இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். குடலில் ஒன்றுமில்லாத பிறகும் நிற்காது. வாயில் பழைய காசைச் சப்பின ருசி. காதில் ஓயாத ரீங்காரம். தலைமுடி உதிர்ந்ததற்கு நான் அழவில்லை. முடியில்லாத உயிர்களோடு பழகியவள்தானே.

பக்கத்துக் கட்டிலில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த அஞ்சலை. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. அவருக்கும் இதே நோய், எனக்கு முதல் முறை நடந்தபோது அவருக்கு நான்காவது. கணவர் வந்தால் திரும்பிப் போகப் பஸ் கிடைக்காது என்பதால் அவரை வரவேண்டாம் என்று அஞ்சலையே சொல்லியிருந்தார். நான் வாந்தி எடுத்து ஓய்ந்தபோது கையை நீட்டி, ‘ஆசாம் போய்’ என்கிற பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார், சீனர் கடையில் விற்கும் உப்புப் போட்ட புளிப்புப் பழம்.

"கடிக்காதீங்கக்கா. கன்னத்துல அடக்கிக்கிங்க. இரும்பு வாசன போயிரும்," என்றார்.

போனது. இரண்டாவது முறையும் அவர் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது முறை நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர். அஞ்சலைக்கு ஆறாவது முறையாக இருந்திருக்க வேண்டும். நர்ஸிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் ஒவ்வொரு மாதமும் கிள்ளானிலிருந்து வந்தார். பிளாஸ்கில் கஞ்சி, ஒரு தமிழ்ப் பேப்பர், இரண்டு ஆரஞ்சு. நலம் விசாரிக்க மாட்டார். பேப்பரை விரித்துக்கொண்டு, பார்வை நேரம் முடியும்வரை உட்கார்ந்திருப்பார். கிளம்பும் முன் ஆரஞ்சை உரித்து, சுளைமேல் ஒட்டியிருக்கும் வெள்ளை நார் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மூடியில் அடுக்கி வைப்பார். சடங்கு வீட்டில் நாற்காலி அடுக்கப் போனதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தச் சுளைகளை அவர் போன பிறகுதான் தின்பேன், அவர் முன்னால் தின்றால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஆறு முறையும் முடிந்தது. அந்தக் காலத்தில் அதோடு விடமாட்டார்கள். மறுபடி வயிற்றைத் திறந்து, மிச்சம் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பார்கள். இரண்டாவது பார்வை என்று அதற்குப் பெயர். குறித்த நாளில் திறந்து எண்ணுவது. எனக்குப் பழக்கமான வேலை, படுத்திருந்தது மட்டும் நான். மயக்க மருந்து கொடுக்கிறவர் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். எண்ணும்போது எனக்கு வந்த பயத்தை எழுத வார்த்தை இல்லை. முடிந்த பிறகு விழிக்கிற வாய்ப்பு எங்கள் எலி எதற்கும் கிடைத்ததில்லை.

விழித்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. இருபது முப்பது இடத்திலிருந்து துணுக்குகள் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் வந்து, எதிலும் நோய் இல்லை என்றார். இப்போதைக்கு என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லோடு நான் இப்போது ஐந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை.

அந்த முடிவு வந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். என் இடத்தில் மணியம் அண்ணே பார்த்துக்கொண்டிருந்தார், ரவாங்கிலிருந்து வருகிற மூத்த உதவியாளர். என்னைப் பார்த்ததும் மூலைக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதை மறைக்கத்தான் என்று புரிந்தது. என் கட்டியின் துண்டு அந்த எலிகளில் பிடித்து வளர்ந்திருந்தது. என் உடம்பை விட்டுப் போய்விட்டதாக டாக்டர் சொன்ன நோய், அங்கே ஐந்து வயிறுகளில் இருந்தது. டாக்டர் லிம் அந்தக் கூண்டை நான் தொடவேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தடவினேன். நான்கு இன்னும் பரவாயில்லை. ஒன்றுக்கு எலும்பு இடறியது. நடக்க முயன்று வயிற்றின் பாரத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் அட்டையில் நான்தான் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

ஈதர் நனைத்த பஞ்சைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, எலியை உள்ளே விட்டு மூடுவோம். மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம், திரும்பி வரும்போது முடிந்திருக்கும். ஒன்பது வருஷமும் அப்படித்தான் செய்தேன், யாரும் தப்பு என்று சொன்னதில்லை. அன்று ஜாடியை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். அது என் பக்கமாகத் திரும்பிக் கண்ணாடியில் முன்கால்களை வைத்தது. வெளியிலிருந்து அந்த இடத்தில் என் விரலை வைத்தேன்.

மணியம் அண்ணே கதவருகே நின்று கூப்பிட்டார். "வாம்மா, தே ஆறிப் போவுது."

"நீங்க போங்கண்ணே," என்றேன். "இதுக்கு இன்னும் மூச்சு இருக்கு."